வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது

பேராயர் அலுவலகத்தில் நான் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். டைப்பிஸ்ட் என்பது சும்மா பேருக்குத்தான். என் உண்மையான வேலை மினிட்ஸ் எழுதுவது. திருச்சபைப் பெரியவர்கள் கூடுகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். என்ன பேசினார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து, பேராயர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது சாசனம். அப்புறம் அதை யாராலும் அசைக்க முடியாது.

இந்த வேலைக்கென்று தனியாக ஒரு தமிழ் இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் செயலாளர். அவருக்கு அலுவலகத்தில் 'ஆமென் ஐயா' என்று பட்டப்பெயர். பேராயர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே ஆமென் சொல்லிவிடுவார். ஒருமுறை பேராயர் தும்முவதற்கு வாயைத் திறந்தபோதும் சொன்னார். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் 'கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது' என்று எழுத வேண்டும். நாற்காலி பறந்தால் 'ஆழ்ந்த கருத்துப் பரிமாற்றம்'. கேள்வி கேட்டவரை வாயை மூடச் சொன்னால் 'ஐயம் தெளிவுபடுத்தப்பட்டது'. எதிர்த்துப் பேசியவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டால், உள்ளே மிச்சமிருப்பவர்கள் எடுத்த முடிவு 'ஏகமனதாக'.

சேர்ந்த புதிதில் நான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஐயா, அவர் முடியாதுன்னுதானே சொன்னாரு?"

"தம்பி, முடியாதுன்னு வாயாலே சொன்னார். ஆவியிலே ஒத்துக்கிட்டார். நாம ஆவியைத்தான் எழுதணும்."

போகப் போக வேலை இன்னும் சுலபமானது. கூட்டத்துக்கு முந்தின நாளே மினிட்ஸ் தயாராகிவிடும். செயலாளர் எழுதித் தருவார், நான் டைப் அடிப்பேன், மறுநாள் கூட்டம் அதன்படி நடக்கும். யாராவது வேறு ஏதாவது பேசிவிட்டால், செயலாளர் மேஜையைத் தட்டி, "அது மினிட்ஸ்லே இல்லையே" என்பார். பேசினவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்காருவார்.

வாசிக்கிற சடங்கு இன்னும் விசேஷம். பேராயர், "போன கூட்டத்து மினிட்ஸை வாசித்ததாக எடுத்துக்கொள்வோமா?" என்பார். எல்லாரும், "எடுத்துக்கொள்வோம்" என்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வாசித்து, உண்மையென உறுதிசெய்கிறேன்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே பேராயர் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருஷத்தில் நான் அடித்த ஒரு வரியைக்கூட ஒருத்தரும் வாசித்ததில்லை. ஒருமுறை என் மனைவி எழுதிக்கொடுத்த மளிகைச் சீட்டு தவறிப்போய் நடுவில் சேர்ந்துவிட்டது. துணி சோப்பு நான்கு, தீப்பெட்டி ஒரு கட்டு, விளக்குமாறு ஒன்று. திருச்சபை அதையும் ஏகமனதாக நிறைவேற்றியது.

என் பத்தொன்பதாவது வருஷத்தைப் பேராயர் 'நேர்மை ஆண்டு' என்று அறிவித்தார். ஏன் என்று கேட்காதீர்கள். அதற்கு முந்தினது 'தாழ்மை ஆண்டு'. அதற்காக அவருக்கு உயரமாக ஒரு புது நாற்காலி செய்தார்கள்.

நேர்மை ஆண்டுக்கு உறுதிமொழிப் பத்திரம் அச்சானது. 'நான் பொய் சொல்லமாட்டேன்' என்று எல்லாப் போதகர்களும் கையெழுத்திட வேண்டும். உறுதிமொழி விழாவுக்கு வராத நாற்பத்திரண்டு போதகர்களுக்காகச் செயலாளரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். "எல்லாம் ஒரே மையா போச்சே, ரெண்டு பேனா மாத்திப் போட்டிருக்கலாம்" என்பதுதான் அவருடைய ஒரே மனவருத்தம்.

அலுவலக வாசலில் இரும்பு வளைவு ஒன்று எழும்பியது. அதில் ஆளுயர எழுத்தில் 'நேர்மை'. திருச்சபையின் ஒரே வெல்டர் நாலு மாசம் அதிலேயே கிடந்தார். தூக்கி நிறுத்திப் பார்த்தால் புள்ளி விட்டுப்போய் 'நேரமை' என்று இருந்தது. இறக்கி, புள்ளி வைத்து, மறுபடியும் ஏற்ற மூன்று வாரம்.

அப்புறம் உண்மைப் பெட்டி. யார் எந்தக் குறையை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். தேக்கு மரம், பித்தளைப் பூட்டு, பளபளவென்று பாலிஷ். பேராயர் ஜெபித்து அர்ப்பணம் செய்தார், போட்டோ எடுத்தார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கவனித்தேன், பெட்டியில் காகிதம் போட வாயே இல்லை. செயலாளரிடம் சொன்னேன். அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பரவாயில்லை. ஒரு புகார்கூட வரலைன்னா எல்லாரும் திருப்தியா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?" என்றார். அதன் மேல் ஒரு பூச்சாடி வைத்தார்கள்.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சபையின் பெண்பிள்ளைகள் இல்லத்தில் அவள் வார்டன். எண்பது பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுகிற அவள் குரல் இரண்டு தெருவுக்குக் கேட்கும். மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசத் தெரியாது. ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவள் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். இல்லத்து மாடிப்படியின் கைப்பிடிக் கம்பி ஆடுகிறது, மேலே மூன்றாவது படியருகே சுவரிலிருந்து கழன்றே விட்டது, உடனே வெல்டரை அனுப்புங்கள். நான் வாங்கி, ஊதா மையில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திச் செயலாளரிடம் நீட்டினேன்.

"வெல்டர் நேர்மையிலே பிஸியா இருக்கார். இதைக் கோப்புலே வைக்காதே. கோப்புலே வெச்சா வந்ததா ஆயிடும். பேராயர் ஐயா மேஜை இழுப்பறையிலே போடு."

போட்டேன். அடுத்த மாசம் இரண்டாவது கடிதம். அதையும் போட்டேன். மூன்றாவது கடிதத்தை அவள் உண்மைப் பெட்டியில் போட வந்தாள். பூச்சாடியைத் தூக்கிப் பார்த்தாள், பெட்டியைத் தடவிப் பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், கடிதத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அதையும் முத்திரை குத்தி இழுப்பறையில் போட்டேன். கை நடுங்கியது என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தக் கம்பியைப் பிடித்தாள். கம்பி கையோடு வந்துவிட்டது. பிள்ளை கீழே விழுந்தாள், காலில் இரண்டு இடத்தில் முறிவு. அந்த வார மினிட்ஸில் நான் அடித்தது இது: 'இல்லத்தில் சிறு நழுவல் ஒன்று நேர்ந்தது. தேவகிருபையால் கட்டடத்துக்குச் சேதம் இல்லை.'

அந்தப் பிள்ளைக்கு அம்மா அப்பா இல்லை. ஒரு மாமா இருந்தார். அவர் நேரே அரசாங்கத்துக்குப் புகார் எழுதிவிட்டார். அங்கிருந்து கேள்வி வந்ததும் அலுவலகம் பரபரப்பானது. பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏழு பேர் கொண்ட நேர்மை ஆணையம் அமைக்கப்பட்டது. பேராயர் தலைவர், திருச்சபையின் வக்கீல் உபதலைவர், செயலாளர் செயலாளரேதான். ஆணையம் செவ்வாய்க்கிழமை கூடும். அதன் மினிட்ஸ் திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தது. ஒரே பக்கம்.

'கைப்பிடிக் கம்பி குறித்து வார்டனிடமிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை என அலுவலகம் உறுதிப்படுத்தியது. கவனக்குறைவுக்காக வார்டனைப் பணிநீக்கம் செய்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

அலுவலகம் என்றால் நான்தான்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாளைக்கு என்ன நடக்கும்னு இன்னைக்கே டைப் அடிச்சாச்சா?"

நான் தலையாட்டினேன்.

"வேலை போனா போகுது அண்ணா, பாத்திரம் தேய்ச்சாவது பொழைச்சுக்குவேன். அந்தப் பிள்ளை கால்லே மாவுக்கட்டு போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா. 'கம்பி ஆடுதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கதானே அக்கா?'ன்னு கேக்குறா. குடுத்தேன்டா கண்ணுன்னு சொன்னேன். நாளையோட நான் அவகிட்டே பொய் சொன்னவளா ஆயிடுவேன். மூணு லெட்டரும் உன் கையிலேதானே குடுத்தேன்? வேற யார் கையிலேயாவது குடுத்தேனா?"

"மேலே இருக்கிறவங்க சொல்றாங்க, நான் என்ன பண்றது?" என்றேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் கூட்ட அறையின் மூலையில் உட்கார்ந்தேன். நான் இளவயதில் சுருக்கெழுத்து படித்தவன். பேசுகிறவர் பேசப் பேச அப்படியே பிடித்துவிடுவேன். ஆனால் பேசாததை எழுதுகிற வேலைக்கு அது எதற்கு? பத்தொன்பது வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. அன்று பென்சிலைச் சீவிக்கொண்டு போனேன்.

பேராயர் ஜெபத்தோடு ஆரம்பித்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த லெட்டர்களை என்ன பண்ணினீங்க?"

"மூணும் உங்க இழுப்பறையிலேதான் இருக்கு ஐயா. கிழிச்சுப் போட்டுடட்டுமா?" என்றார் செயலாளர்.

"அய்யய்யோ, மூணாவதைத் தொடாதீங்க. அதோட பின்பக்கம் வெள்ளையா இருந்தது. என் நேர்மை ஆண்டு உரையை அதிலேதான் எழுதி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை அரசாங்க அதிகாரி வர்றாங்க, அவங்க முன்னாலே வாசிக்கணும்."

"ஆமென்."

அப்போது ஒரு மூத்த போதகர், பாவம், மினிட்ஸில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார். "கடிதம் வந்திருக்குன்னு தெரிஞ்சும் வரலைன்னு எழுதினா அது பொய் ஆகாதா?"

பேராயர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"நல்ல கேள்வி. நான் லெட்டர் வரலைன்னு சொல்லலை. வந்ததா எனக்கு நினைவில்லைன்னு சொல்றேன். நினைவில்லாதது எப்படிப் பொய் ஆகும்? அதை நினைவில்லாம வெச்சுக்க நான் எவ்வளவு பாரத்தோட ஜெபிச்சிருக்கேன் தெரியுமா? உண்மையைச் சொல்லத்தான் வேணும். ஆனா அதுக்கு ஏத்த நேரம்னு ஒண்ணு இருக்கு. நான் பேராயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆச்சு, அந்த நேரம் இன்னும் வரலை. வராததுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அந்த வார்டன் பாவம்…" என்று இழுத்தார் மூத்த போதகர்.

"பாவம்தான். அவளுக்காக ஜெபிப்போம். ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் தப்பு பண்ணினேன்னு ஆனா, திருச்சபையே தலைகுனியும். அவ தப்பு பண்ணினான்னு ஆனா, அவ மட்டும்தானே குனிவா? எது சிக்கனம்?"

வக்கீல் கைதட்டினார். மூத்த போதகருக்கு ஐயம் தெளிவுபடுத்தப்பட்டது. கம்பி விழுந்ததைவிட வளைவில் புள்ளி விட்டுப்போனதுதான் தன்னை அதிகம் வேதனைப்படுத்தியதாகப் பேராயர் சொன்னார். எல்லாரும் பிஸ்கட் சாப்பிட்டார்கள். என் பென்சில் நிற்கவே இல்லை.

புதனும் வியாழனும் உட்கார்ந்து டைப் அடித்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஆமென்களைக்கூட விடவில்லை, பதினேழு வந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு பத்தி என் சொந்தமாகச் சேர்த்தேன். மொத்தம் பதினொரு பக்கம். பேராயரை மாட்டிவிட வேண்டுமென்று பெரிய திட்டம் போட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அவ்வளவு மூளை கிடையாது. அந்த ஒரு பக்கத்தை அடிக்க உட்கார்ந்தேன், முடியவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை செயலாளர் மினிட்ஸ் கட்டைத் தூக்கிப் பார்த்தார். "என்னப்பா, கனமா இருக்கு?"

"ஐயா பேசினது ஒண்ணு விடாம சேர்த்திருக்கேன் ஐயா."

"அப்படித்தான் இருக்கணும். வர்ற அதிகாரிக்கும் தெரியட்டும்" என்றார் மகிழ்ச்சியாக.

அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மா. மெல்லிய உடம்பு, கனமான பை. நேர்மை வளைவு வழியாக உள்ளே வந்தார், டீ வேண்டாம் என்றார், ஆணையத்தார் ஏழு பேரும் கூடியிருந்த அறையில் பேராயருக்கு எதிரில் உட்கார்ந்தார். என் தங்கை, கூப்பிட்டால் வருவதற்காக, வெளியே வராந்தாவில் நின்றிருந்தாள்.

பேராயர் எழுந்து, இழுப்பறையிலிருந்து தாளை எடுத்து, உயர்த்திப் பிடித்துக்கொண்டு உரையை வாசித்தார். "ஒளிக்க எதுவும் இல்லாதவனே உண்மையான மேய்ப்பன்" என்று ஆரம்பித்தார். அவர் பக்கம் உரை. எங்கள் பக்கம் என் தங்கையின் குண்டு குண்டுக் கையெழுத்து. அதற்கு மேலே ஊதா நிறத்தில் 'பெறப்பட்டது'. அதிகாரி உரையைக் கேட்டாரோ இல்லையோ, தாளை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேராயர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

"நேர்மை ஆணையத்தோட மினிட்ஸ் வேணும்" என்றார் அதிகாரி.

"இங்கே எல்லாம் திறந்த புத்தகம்மா" என்றார் பேராயர். "வாசித்ததாக எடுத்துக்கொள்வோமா?"

"எடுத்துக்கொள்வோம்."

பதினொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே, கையெழுத்து என்பது மனிதனுடைய மனசாட்சி என்று அதிகாரிக்கு விளக்கினார். கட்டு கை மாறியது. அந்த அம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கம், கொடுத்ததை அங்கேயே வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"ஐயா, இது நீங்க பேசினதுதானா?"

"ஒவ்வொரு வார்த்தையும்."

அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பேராயர் குனிந்து வாசித்தார். பதினொரு வருஷத்தில் அவர் வாசித்த முதல் மினிட்ஸ் அதுதான் என்று நினைக்கிறேன். முகம் வெளுத்து, சிவந்து, மறுபடியும் வெளுத்தது.

"இது… இது நான் வாசிக்காம போட்ட கையெழுத்து!"

"வாசித்து, உண்மையென உறுதிசெய்கிறேன்னு பதினொரு தடவை போட்டிருக்கீங்களே. வாசிச்சீங்களா, இல்லே பொய்யா உறுதி பண்ணினீங்களா? எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பேராயர் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் செயலாளர், "ஆமென்" என்றார்.

வக்கீல்தான் சமாளித்தார். இந்த மினிட்ஸை ஆணையமே ரத்து செய்யலாம், இப்போதே செய்யலாம். ஆனால் ரத்து செய்ய வேண்டுமானால் முதலில் முழுதும் வாசிக்க வேண்டும். அதிகாரி முன்னால் 'வாசித்ததாக எடுத்துக்கொள்ள' முடியாது. யார் வாசிப்பது? ஏழு பேரும் கண்ணாடி கொண்டுவரவில்லை. ஒருத்தர் கண்ணாடி நெற்றியில் இருந்தது, அதைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார்.

"வெளியிலே நிக்கிற வார்டனைக் கூப்பிடுங்க" என்றார் அதிகாரி.

தங்கை வந்து, நின்றபடியே, பிள்ளைகளைப் பேர் கூப்பிடுகிற அந்தக் குரலில் வாசித்தாள். வராந்தாவில் கூட்டம் சேர்ந்தது. 'எது சிக்கனம்' என்ற இடத்தில் வெளியே யாரோ சீ என்றார்கள். அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பத்திக்கு வந்தாள்.

"'மேற்படி மூன்று கடிதங்களையும் வாங்கி, முத்திரை குத்தி, கோப்பில் வைக்காமல் மறைத்தவன் இந்தக் குறிப்பை எழுதுகிற டைப்பிஸ்ட். மறைக்கச் சொன்னார்கள், மறைத்தான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு பிள்ளையின் கால் தப்பியிருக்கும். இவன் வார்டனின்…'" அங்கே மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்து முடித்தாள். "'…வார்டனின் அண்ணன்.'"

பேராயருக்கு உயிர் திரும்பி வந்தது. துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களாம்மா! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான்! லெட்டர்களை ஒளிச்சு வெச்சதுக்காக இந்த டைப்பிஸ்டை இந்த நிமிஷமே வேலையை விட்டு நீக்குறோம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க!"

ஏழு கைகள் எழுந்தன. மூலையில் என் கையும் எழுந்தது.

"உனக்கு ஏதுடா ஓட்டு?" என்று சீறினார் செயலாளர்.

"இல்லைதான் ஐயா. ஆனா பத்தொன்பது வருஷமா ஏகமனதாக, ஏகமனதாகன்னு அடிச்சிருக்கேன். ஒரு தடவையாவது நிஜமா இருக்கட்டுமே."

அதிகாரி பேனாவை மூடினார். "ஆக, லெட்டர் வந்திருக்குன்னு ஆணையம் ஏகமனதா ஒத்துக்கிட்டாச்சு. அப்போ வார்டன் மேலே என்ன குற்றம்?" என்றார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி, "அந்த உரையையும் குடுங்க" என்று பேராயரின் கையிலிருந்த தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

தங்கையின் வேலை தப்பியது. பேராயருக்கு என்ன ஆனது என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை. விசாரணை நடக்கிறது. அவர் இந்த வருஷத்தை 'மன்னிப்பு ஆண்டு' என்று அறிவித்துவிட்டார், யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாதாம்.

நான் இப்போது அரசாங்க அலுவலக வாசலில் மனு டைப் அடிக்கிறேன். ஜனங்கள் சொல்வதை அப்படியே அடிப்பேன். போன வாரம் தங்கை வந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதே இல்லை. எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடி" என்றாள். "மாடிப்படிக்குப் புதுக் கம்பி போட்டாச்சு. ஆனா அது மேலே, 'பேராயர் அவர்களால் அர்ப்பணிக்கப்பட்டது'ன்னு ஒரு கல்வெட்டைப் பதிச்சிருக்காங்க. அதோட கனம் தாங்காம கம்பி மறுபடியும் ஆடுது. உடனே வெல்டரை அனுப்பவும்."

அடித்தேன்.

"ரெண்டு காப்பி எடு. ஒண்ணு அந்த ஆபீசரம்மாவுக்கு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டையும் நின்று நிதானமாக, ஒரு வரி விடாமல் வாசித்தாள். வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"அந்தப் பிள்ளை எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"நடக்குறா. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குறா. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் இறங்குதுங்க" என்றாள்.